எட்டு ஜனவரிகளாக ஒரு எக்செல் ஷீட்: 64 சதவீதத்தோடு குடித்தனம்

போன வாரம் டல்லாஸிலிருந்து நண்பன் கூப்பிட்டான். "மச்சான், அந்த எக்செல் ஷீட்டைக் கொஞ்சம் அனுப்புடா. எங்க ஆபீஸ்லயும் ஜனவரியில பிளேஆஃப் கணிப்புப் போட்டி வைக்கிறாங்க." பிளேஆஃப் என்றால் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் சீசன் முடிந்ததும் நடக்கும் நாக்அவுட் ஆட்டங்கள். எந்த அணி ஜெயிக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்வதுதான் ஷீட்டின் வேலை. சரி என்றேன். நாலு நாளாகியும் அனுப்பவில்லை. கஞ்சத்தனம் இல்லை. பழைய வண்டியை விற்கும்போது "ரெண்டாவது கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும்" என்று சொல்லிவிட்டுத்தானே சாவியைக் கொடுப்போம், அந்த மாதிரி சிலதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷீட் பிறந்த கதை சுருக்கமாக. 2017 பிப்ரவரி 5, சூப்பர் பவுல், அதாவது சீசனின் இறுதி ஆட்டம். மூன்றாவது கால்பகுதியில் ஃபால்கன்ஸ் 28, பேட்ரியாட்ஸ் 3. மறுநாள் திங்கள்கிழமை, காலையில் வேலை, இனி என்ன இருக்கிறது என்று நண்பர் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டேன். மினியாபொலிஸ் பனியில் மெதுவாக ஓட்டி வீடு வந்து டிவியைப் போட்டால் ஆட்டம் கூடுதல் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 34-28, பேட்ரியாட்ஸ். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி "இதுக்கு மேல என்ன இருக்கு" என்ற வார்த்தையை என் வாயால் சொல்லக் கூடாது, ஒரு எண் சொல்லட்டும் என்று.

உள்ளே இருப்பது எலோ ரேட்டிங். மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ சதுரங்கத்துக்காகச் செய்தது. அதை என்எஃப்எல்லுக்குப் பொருத்தி, ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற புள்ளிவிவரச் செய்தித் தளம் சூத்திரத்தையும் வெளிப்படையாகப் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், தோற்றால் இறங்கும், பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தால் கூடுதலாக ஏறும், சொந்த மைதானத்துக்கு 65 புள்ளி. அவ்வளவுதான். காயம், பனி, கோச்சுக்கும் வீரருக்கும் சண்டை, எதுவும் அதற்குத் தெரியாது.

இனி வண்டியின் ரெண்டாவது கியர்.

பிளேஆஃப் வந்துவிட்டால் இந்த ஷீட் சொல்வது ஒரே எண்தான்: 64. சரி, சில நாள் 61, சில நாள் 67. அக்டோபரில் கேட்டால் தாராளமாக 85 சொல்லும். ஏனென்றால் அப்போது நோஞ்சான் அணிகளும் ஆடுகின்றன. ஜனவரிக்குள் நோஞ்சான்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மிச்சம் இருப்பவர்களுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் நூறு புள்ளிக்குள் அடங்கிவிடும். நூறு எலோ புள்ளி என்றால் 64 சதவீதம். ஆட்டக் கணக்கில் அது 4 புள்ளி முன்னிலை, அதாவது ஒரு ஃபீல்ட் கோலும் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அதற்கு மேல் சில்லறையும்.

கணிதம் சரிதான். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் வாழ்ந்து பாருங்கள். மகளுக்கு அப்போது ஏழு வயது. சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, யார் ஜெயிப்பாங்க?" என்றாள். "பேக்கர்ஸ், அறுபத்து நாலு சதவீதம்" என்றேன். "அப்ப பேக்கர்ஸா?" "பெரும்பாலும்." "பெரும்பாலும்னா?" பதில் சொல்லத் தெரியாமல் பாப்கார்ன் எடுத்துவர எழுந்து போனேன்.

அது 2022 ஜனவரியின் அந்த வார இறுதி. என்எஃப்எல் பார்ப்பவர்களுக்கு எது என்று சொல்ல வேண்டியதில்லை. நான்கு ஆட்டம், நான்கிலும் சொந்த ஊர் அணிகளையே ஷீட் முன்னால் வைத்திருந்தது. சனிக்கிழமை பெங்கால்ஸின் இவான் மெக்பெர்சன் கடைசி நொடியில் 52 கெஜத்திலிருந்து உதைத்தார், டைட்டன்ஸ் காலி. ராத்திரி பனியில் ஃபார்ட்டிநைனர்ஸின் ராபி கோல்ட் 45 கெஜத்திலிருந்து உதைத்தார், பேக்கர்ஸ் காலி. ஞாயிற்றுக்கிழமை ராம்ஸின் மேட் கே 30 கெஜம், பக்கனியர்ஸ் காலி. மூன்று ஆட்டமும் சமநிலையில் இருந்து கடைசி உதையில் முடிந்தவை. நான்காவது, சீஃப்ஸும் பில்ஸும். 13 விநாடி மிச்சம் இருக்கும்போது பில்ஸ் 36-33 முன்னிலை. சீஃப்ஸ் இரண்டே பாஸில் மைதானத்தைக் கடந்து, ஹாரிசன் பட்கர் 49 கெஜத்திலிருந்து சமன் செய்தார். கூடுதல் நேரத்துக்கு நாணயம் சுண்டினார்கள், சீஃப்ஸ் பக்கம் விழுந்தது, நேராகப் போய் டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி). அன்றைய விதிப்படி ஆட்டம் அதோடு முடிந்தது, பில்ஸ் கைக்குப் பந்தே வரவில்லை. இது என்ன நியாயம் என்று ஊரே கத்தி, இரண்டு மாதத்தில் பிளேஆஃப் விதியையே மாற்றினார்கள்.

ஆக, ஷீட் சொன்ன நான்கில் ஒன்றுதான் சரி. அன்றைக்கு அதை அழித்துவிடலாம் என்று நிஜமாகவே ரைட் கிளிக் வரை போனேன். இப்போது நிதானமாக யோசித்தால், அதன் மேல் என்ன குற்றம்? நான்கிலும் 64 என்றால் நான்கும் பலிக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். பிளேஆஃப் முழுக்க 13 ஆட்டம். ஒவ்வொன்றிலும் 64 வைத்தால் எட்டு ஆட்டம் சரியாக வரும், ஆனால் ஆறு வந்தாலும் பத்து வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காசைச் சுண்டிப் போட்டாலே ஆறு ஏழு வந்துவிடும். அதாவது ஒரு ஜனவரியை வைத்து ஷீட் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் எட்டு ஜனவரி பார்த்துவிட்டேன், மொத்தம் 98 ஆட்டம் (முதல் மூன்று ஜனவரியில் 11 ஆட்டம்தான்). அது முன்னால் வைத்த அணி மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஜெயித்திருக்கிறது. சொன்ன சொல்லை ஏறக்குறையக் காப்பாற்றியிருக்கிறது.

இந்த நியாயமெல்லாம் ஜூலையில் வருவது. ஜனவரி ஞாயிறு இரவில் வராது.

எங்கள் ஆபீஸ் போட்டியில் மதிப்பெண் முறையும் ஃபைவ்தர்ட்டிஎய்ட் வாசகர்களுக்கு நடத்திய போட்டியிலிருந்து எடுத்ததுதான். 50 போட்டால் பூஜ்யம். 64 போட்டுச் சரியானால் 12 வரும், தவறினால் 16 போகும். 90 போட்டுச் சரியானால் 24, தவறினால் 56 காலி. நூறே போட்டுத் தவறினால் 75 காலி. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவனுக்கு அபராதம், இதுதான் அதன் அடிப்படை. ஷீட் மாதிரி அடக்கமான ஆளுக்கு ஏற்ற ஆட்டம். ஆனால் ஷீட்டில் ஒரு கடைசிப் பத்தி இருக்கிறது. 'கைத்திருத்தம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஷீட்டின் எண்ணை நான் மாற்ற நினைத்தால் அதில் போடுவேன். எட்டு வருஷத்து அவமானமும் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

முதல் வருஷமே ஆரம்பம். 2018 ஜனவரி 14, எங்கள் ஊர் அணி வைக்கிங்ஸின் ஆட்டம், ஊரிலேயே. கடைசிப் பந்தில் கேஸ் கீனம் எறிந்து ஸ்டெஃபான் டிக்ஸ் பிடித்து ஓடி 61 கெஜ டச்டவுன், 29-24. தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அடுத்த வாரம் பிலடெல்ஃபியா போக வேண்டும், அங்கே ஜெயித்தால் சூப்பர் பவுல் எங்கள் ஊர் அரங்கத்திலேயே. ஷீட் என்ன சொன்னது? ஈகிள்ஸ் 58. எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) கார்சன் வென்ட்ஸ் டிசம்பரில் முழங்கால் கிழிந்து உட்கார்ந்துவிட்டார், மாற்று ஆள் நிக் ஃபோல்ஸ் ஆடுகிறார், இந்த மடையன் ஷீட்டுக்கு அது தெரியாது. பந்தயக்காரர்களே வைக்கிங்ஸைத்தான் முன்னால் வைத்திருந்தார்கள். கைத்திருத்தத்தில் வைக்கிங்ஸ் 70 என்று போட்டேன். ஆட்டம் 38-7, ஈகிள்ஸ். ஏழு புள்ளி வர வேண்டிய இடத்தில் 24 போனது. இரண்டு வாரம் கழித்து எங்கள் ஊர் அரங்கத்தில் ஃபோல்ஸ் சூப்பர் பவுலையும் ஜெயித்து, ஆட்ட நாயகனும் ஆனார். நான் மைனஸ் குளிரில் போக்குவரத்து நெரிசலை மட்டும் அனுபவித்தேன்.

இதுதான் ஷீட்டில் நான் எதிர்பார்க்காத நல்ல குணம். அதற்குச் செய்தி தெரியாது. எனக்குச் செய்தி தெரியும், அதனால் அதைப் பெரிதாக்கிக்கொள்வேன்.

பாடம் கற்றேனா? இல்லை, ஷீட்டைத் 'திருத்தினேன்'. குவார்ட்டர்பேக்குக்குத் தனிக் கட்டம் சேர்த்தேன். 2020இல் கொரோனாவால் பெரும்பாலும் காலி அரங்கங்களில் ஆடியபோது சொந்த ஊர் அணிகள் 127 ஜெயித்து 128 தோற்றன, ஒன்று சமன். அதைப் பார்த்துச் சொந்த மைதானப் புள்ளியை 65இலிருந்து 50 ஆக்கினேன். இது உருப்படியான திருத்தம். குவார்ட்டர்பேக் கட்டம் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியில் லயன்ஸ் 15-2 (பதினைந்து ஜெயம், இரண்டு தோல்வி) என்று கம்பீரமாக வந்தது, குவார்ட்டர்பேக் நலமாக இருக்கிறார் என்று கட்டம் பச்சை காட்டியது. அவர்கள் தடுப்பாட்ட வரிசையில் பாதிப் பேர் சீசன் முழுக்கக் காயத்தில் போயிருந்ததைப் போட எனக்குக் கட்டம் இல்லை. கமாண்டர்ஸின் புதுப்பையன் ஜேடன் டேனியல்ஸ் வந்து 45-31 என்று சாத்திவிட்டுப் போனார். ஒரு கட்டம் சேர்த்தால் இன்னும் இருபது கட்டம் கேட்கும், அவ்வளவுதான்.

ஆனால் என்னை உண்மையில் புண்படுத்தியது 2022 சீசன். வைக்கிங்ஸ் 13-4. பாதி ஆட்டத்தில் 33-0 பின்தங்கி கோல்ட்ஸை ஜெயித்தார்கள், என்எஃப்எல் வரலாற்றிலேயே பெரிய மீட்சி. எட்டு புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்கள் பதினொன்று, பதினொன்றும் ஜெயம். நான் மிதந்துகொண்டிருந்தேன். பிளேஆஃபில் ஜெயன்ட்ஸ் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். ஷீட்டைத் திறந்தால் வைக்கிங்ஸ் 59. சொந்த மைதானத்துக்கே 57 போய்விடும், ஆக இரண்டும் ஏறக்குறைய ஒரே அணிதான் என்கிறது. என் அணியை! கோபத்தில் மொத்த ஸ்கோர் கணக்கைப் பார்த்தேன். சீசன் முழுக்க வைக்கிங்ஸ் எடுத்தது 424, கொடுத்தது 427. பதிமூன்று ஆட்டம் ஜெயித்த அணி, கூட்டிக் கழித்தால் மூன்று புள்ளி கடனில் நின்றது. நூலிழையில் ஜெயித்ததையெல்லாம் நான் வீரம் என்று எண்ணியிருந்தேன், ஷீட் அதற்குக் கொஞ்சமாகத்தான் மார்க் போட்டிருந்தது.

பார்த்தேன். புரிந்தது. இருந்தும் கைத்திருத்தத்தில் 80 போட்டேன்.

31-24, ஜெயன்ட்ஸ். கடைசியில் எட்டு கெஜம் வேண்டிய, கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் எங்கள் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸ் மூன்று கெஜத்துக்கு எறிந்தார். 59 போட்டிருந்தால் 10 புள்ளியோடு போயிருக்கும், எனக்குப் போனது 39. போட்டியில் கடைசி இடம். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி கடைசி ஆள் எல்லோருக்கும் டோனட் வாங்க வேண்டும், அந்த வருஷம் நான்தான்.

2024 சீசனில் வைக்கிங்ஸ் 14-3. ராம்ஸோடு ஆட்டம், காட்டுத்தீயால் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அரிசோனாவுக்கு மாற்றினார்கள். சொந்த மைதானப் புள்ளி யாருக்கு? அரை மணி நேரம் அந்தக் கட்டத்தில் 50 போடுவதா பூஜ்யம் போடுவதா என்று உட்கார்ந்திருந்தேன். பூஜ்யம் போட்டேன். எங்கள் குவார்ட்டர்பேக் சாம் டார்னால்டை ஒன்பது முறை கீழே தள்ளி 27-9 என்று முடித்தார்கள். எந்த எண் போட்டிருந்தாலும் என்ன.

ஆகவே நண்பா, உனக்கு என் அபிப்பிராயம். ஷீட் நேர்மையானது, எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட ஜம்பம் அடித்ததில்லை, தோற்றாலும் சின்னதாகத்தான் தோற்கும், பராமரிப்புச் செலவு வாரம் பத்து நிமிஷம். என்னைக் கேட்டால் வாங்காதே. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருவேன். உன் கௌபாய்ஸ் சொந்த ஊரில் எட்டு ஆட்டமும் ஜெயித்துவிட்டு, 2024 ஜனவரியில் ஏழாவது இடத்து பேக்கர்ஸிடம் 48-32 என்று வாங்கிக்கட்டியபோது நீ ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. அதற்கு முந்தின நாளே இந்த ஷீட் உன்னிடம் 'அவ்வளவு நிச்சயமில்லை' என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் என்ன, ஒரு மாதம் பேசியிருக்க மாட்டாய்.

ஆனாலும் ராத்திரி அனுப்புகிறேன், கைத்திருத்தம் பத்தியோடு சேர்த்தே. அதை அழித்துவிட்டு அனுப்பத்தான் நினைத்தேன், அப்புறம் மகள் வந்து எட்டிப் பார்த்து, "அது மட்டும்தான்பா உன் எழுத்து" என்றாள். 64ஆம் செல்லைத் தொடாதே, அதில் ஒரு சூத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொட்டால் மொத்தமும் பிழை காட்டும்.