ஃபைனல் ஃபேன்டசி: த ஸ்பிரிட்ஸ் விதின் – கேம் ஆடியவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை, யார் பார்க்கலாம்?

ஃபைனல் ஃபேன்டசி என்ற வீடியோ கேம் தொடரின் பெயரில், முழுக்கக் கணினி அனிமேஷனில் எடுத்த படம் இது. மதுரையில் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அதிகம் கோபப்படுகிறவர்கள் கேம் ஆடியவர்கள்தான். மீனாட்சி பஜாரில் சிடி வாங்கி, பிளேஸ்டேஷனில் ஏழாம் பாகத்தை முடித்தவர்களுக்குப் பெயரைத் தவிர வேறெதுவும் கேமிலிருந்து வரவில்லை என்ற ஆதங்கம். அது நியாயம். மந்திரம் இல்லை, பெரிய வாள் இல்லை. கேமில் வரும் சோகோபோ பறவைகூட நாயகி ஆக்கியின் உடையில் படமாக மட்டுமே வருகிறது. தொடரில் அடிக்கடி தலைகாட்டும் சித் என்ற பெயரை ஒரு விஞ்ஞானிக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் பாகத்துக்குப் பாகம் உலகத்தையும் கதையையும் மாற்றுவது அந்தத் தொடரின் வழக்கம். அதை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சிதான் 2001-ல் வந்த இந்தப் படத்தின் இயக்குநரும். தனி அறிவியல் புனைகதையாக எடைபோட்டால் இது நல்ல படம்.

கதை நடப்பது 2065-ல். விண்கல்லோடு வந்த ஃபேன்டம்கள் என்ற வேற்றுலக உருவங்கள் தொட்டால் உயிர் பிரிந்துவிடும். எட்டு ஆவிகளைத் தேடிச் சேர்த்து ஃபேன்டம்களை அடக்கப் பார்க்கிறாள் ஆக்கி. ராணுவத் தளபதிக்கோ விண்வெளிப் பீரங்கியால் சுட்டுத் தீர்க்க வேண்டும். 'பாதிக்கு மேல் புரியவில்லை' என்பவர்கள் பெரும்பாலும் ஆக்கியின் கனவுகளை ஓட்டிவிட்டுப் பார்த்தவர்கள். ஃபேன்டம்கள் யார் என்ற விடை அந்தக் கனவுகளில்தான் துண்டு துண்டாக இருக்கிறது. அகாலத்தில் செத்தவர் ஆவி அலையும் என்று கேட்டு வளர்ந்த நம்மூர்க்காரர்களுக்கு அந்த விடை சட்டென்று பிடிபடும்.

அடுத்த குறை முகம். முகத்தில் உயிரில்லை என்று கோச்சடையான் 2014-ல் வந்தபோது எழுந்த அதே புகார்தான். இந்தப் படத்தில் உடலசைவை நடிகர்களிடமிருந்து பதிவு செய்தார்கள். முகபாவத்தை அனிமேட்டர்கள் கையால் அமைத்தார்கள். ஆக்கியின் தலையில் மட்டும் சுமார் 60,000 முடிகள், அத்தனையும் தனித்தனியாக அசையும். அதனால் அவள் சும்மா நிற்கும்போது அசல் மனுஷி. வாய் திறந்ததும் உதடு வசனத்தோடு ஒட்டாமல், கண்ணில் உயிர் குறைந்து தெரிகிறது. தோல் அசலாக இருக்க இருக்க இந்தச் சின்னப் பிசகு பெரிதாக உறுத்தும். சுருக்கம் விழுந்த டாக்டர் சித்தின் முகத்தில் இந்த உறுத்தல் மிகக் குறைவு. படத்திலேயே சிறந்த வேலை அதுதான்.

சுமார் 13.7 கோடி டாலர் செலவழித்து எடுத்த படம் உலகம் முழுக்க 8.5 கோடி அளவில்தான் வசூலித்தது. படத்தை எடுத்த, ஹொனலுலுவில் இருந்த ஸ்கொயர் பிக்சர்ஸ் நிறுவனம் பிறகு மூடப்பட்டது.

டிவியில் பார்ப்பவர்கள் முதலில் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் படத்தில் டிவி தானாக இடையில் கூடுதல் ஃபிரேம்களைச் செருகினால் முகங்கள் இன்னும் பொம்மையாகிவிடும். பிக்சர் மோடு 'சினிமா'வில் இருக்கட்டும். ஃபேன்டம்கள் பாதி ஊடுருவித் தெரியும் உருவங்கள், காட்சிகளும் இருட்டு. மதுரைப் பகல் வெயில் ஜன்னல் வழியே திரையில் விழுந்தால் ஒன்றும் தெரியாது, பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள். வெடிச்சத்தத்துக்கு முன்னால் வசனம் தணிந்து கேட்கும் செட்டுகளில் வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரின் ஒலியைக் கொஞ்சம் ஏற்றி, சப்டைட்டிலையும் போட்டுக்கொள்ளலாம்.

ஏழாம் பாகத்தின் நாயகன் கிளவுடையும் வில்லன் செஃபிராத்தையும்தான் பார்க்க வேண்டும் என்றால் 2005-ல் வந்த அட்வென்ட் சில்ட்ரன் படம் இருக்கிறது. ஆனால் ஏழாம் பாகம் ஆடாதவர்களுக்கு அது தலையும் புரியாது, வாலும் புரியாது. ஸ்பிரிட்ஸ் விதினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சின்னப் பிள்ளைகளை மட்டும் உட்கார வைக்க வேண்டாம், உடம்பிலிருந்து உயிரை உருவியெடுக்கும் காட்சிகள் பலமுறை வருகின்றன.