குடும்பமாகச் சேர்ந்து சேமிக்க எது நல்லது: பொதுக் கணக்கா, தனிக் கணக்கா, சீட்டா?

வீட்டுக்கு முன்பணம், ஒரு பிள்ளையின் மேற்படிப்பு, பெற்றோரின் அறுவை சிகிச்சை என்று ஒரே காரியத்துக்காக இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து பணம் சேர்க்க முடிவெடுத்தால், பேச்சு பெரும்பாலும் வட்டியில்தான் தொடங்குகிறது. எங்கே போட்டால் அரை சதவீதம் கூடக் கிடைக்கும் என்று அலசுகிறோம். பணம் யார் பெயரில் இருக்கும், யார் எடுக்கலாம், யார் எவ்வளவு போடுவது, நடுவில் ஒருவரால் முடியாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்விகளை "நமக்குள்ளதானே, பார்த்துக்கலாம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இலக்கு 12 லட்சம், காலம் 24 மாதம். அப்படியானால் மாதம் 50,000 விழ வேண்டும். ஆண்டுக்கு 3 சதவீதம் என்றால், தனி வட்டியாகப் பார்த்தால் இரண்டு ஆண்டு முடிவில் வட்டி 37,500. அதுவே 6 சதவீதம் என்றால் 75,000. வட்டி விகிதம் இரண்டு மடங்கானாலும் கூடுதலாக வருவது 37,500தான். ஒரே ஒரு மாதம் எல்லாருமாகத் தவணையைத் தவறவிட்டால் குறைவது 50,000. இருபது முப்பது வருடம் வளர வேண்டிய ஓய்வுக்காலப் பணத்துக்கு வட்டி பெரிய விஷயம். இரண்டு மூன்று வருட இலக்குக்கு, மாதாமாதம் பணம் தவறாமல் விழுவதே பெரிய விஷயம்.

சிலி நாட்டில் குறைந்த வருமானத்தில் சிறு தொழில் செய்பவர்களிடம் ஃபெலிப்பே காஸ்ட், ஸ்டெஃபான் மையர், டினா பொமரான்ஸ் ஆகிய மூவரும் நடத்திய கள ஆய்வும் இதையே சொல்கிறது. ஒரு பிரிவினருக்கு வட்டியை 0.3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தினார்கள். பெரும்பாலோரின் சேமிப்பில் அதனால் மாற்றமே இல்லை. இன்னொரு பிரிவினர் தங்கள் இலக்கைக் குழுவின் முன் சொல்லிவிட்டு, பணம் போட்டார்களா இல்லையா என்பதைக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியவைத்தார்கள். அவர்கள் பணம் போட்ட தடவைகள் 3.5 மடங்காயின. சராசரி இருப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பானது. பிறகு கூட்டத்துக்குப் பதிலாகக் கைபேசியில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிப் பார்த்தபோதும் ஏறத்தாழ அதே பலன்.

ஆகவே வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்கள். போட்டதும் எடுத்ததும் எல்லார் கண்ணிலும் படுகிறதா? ஒருவர் மட்டும் நினைத்தாலே பணம் வெளியே போய்விட முடியுமா?

ஒருவர் பெயரில் சேர்ப்பதும் கூட்டுக் கணக்கும்

அதிகம் நடப்பது இதுதான்: "அண்ணன் பொறுப்பானவர், அவர் கணக்கிலேயே போட்டுவிடலாம்." நாளைக்கே தொடங்கலாம், எந்தப் படிவமும் வேண்டாம். ஆனால் இரண்டு கேள்விக்கும் இதில் பதில் மோசம். அண்ணனின் சொந்தப் பணமும் பொதுப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிடும். சம்பளம் தாமதமான ஒரு மாதத்தில், திருப்பி வைத்துவிடலாம் என்ற நல்லெண்ணத்தோடேயே அதிலிருந்து எடுக்க நேரும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், சட்டப்படி அது அவருடைய சொத்து. மற்றவர்கள் போட்டதற்கு வங்கிக் குறிப்பைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது. அண்ணியிடம் போய் "அதில் எங்கள் பங்கும் இருக்கிறது" என்று சொல்ல வேண்டிய நிலைமையை எந்தத் தம்பியும் விரும்பமாட்டான். நேர்மையான மனிதருக்கே இந்த ஏற்பாடு அநியாயம் செய்கிறது. ஏனென்றால் சந்தேகம் வந்தால் தன்னை நிரூபிக்க அவரிடமும் எதுவும் இல்லை. இந்த இலக்குக்கென்றே அவர் பெயரில் தனியாக ஒரு கணக்குத் திறந்தால் கலப்படம் மட்டும் தீரும், மற்றது தீராது.

கூட்டுக் கணக்கு இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் திறக்கும்போது படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறி போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும் என்று திறந்தால் வசதி அதிகம், பாதுகாப்பு குறைவு. உள்ளே இருக்கும் எவரும் முழுப் பணத்தையும் எடுக்கலாம், வங்கி கேள்வி கேட்காது. எல்லாரும் கையெழுத்திட வேண்டும் என்றால் பணம் பத்திரம். ஆனால் ஒருவர் ஊரில் இல்லாதபோதோ மருத்துவமனையில் இருக்கும்போதோ முடங்கிப் போகும். மூவரில் எவரேனும் இருவர் என்ற ஏற்பாட்டை வங்கி அனுமதித்தால், யோசிக்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் எடுக்க முடியாது, ஒருவர் இல்லை என்பதால் நின்றும் போகாது.

கூட்டுக் கணக்கின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். பல நாடுகளில், உள்ளே இருக்கும் ஒருவரின் கடன் பாக்கிக்காக அந்தக் கணக்கையே முடக்க முடியும். ஒருவர் இறந்தால் மற்றவர்கள் உடனே எடுக்கலாமா, வாரிசுகள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதும் கணக்கை எப்படித் திறந்தோம் என்பதைப் பொறுத்தது. உறவினர் யாராவது தொழில் கடனில் சிக்கியிருந்தால், பெயரைச் சேர்ப்பதற்கு முன் மனம்விட்டுப் பேசிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

கணவன் மனைவிக்குள் என்றால் கூட்டுக் கணக்குக்கு இன்னொரு ஆதரவும் உண்டு. ஜென்னி ஓல்சனும் உடன் ஆய்வாளர்களும் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், 230 இளம் ஜோடிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். கூட்டுக் கணக்குக்கு மாறும்படி ஒதுக்கப்பட்டவர்களின் உறவு நிறைவு தாக்குப்பிடித்தது. மற்ற ஜோடிகளிடம் அது நாளடைவில் குறைந்தது. இதை அப்படியே அண்ணன் தங்கை குடும்பங்களுக்குப் பொருத்த முடியாது. தம்பதிக்கு வாழ்க்கையே ஒன்று. உடன்பிறந்தவர்களுக்கு ஒன்றாக இருப்பது இந்த ஒரு இலக்கு மட்டும்தான். அதனால் இலக்குக்கான பணம் மட்டும் பொதுவில் இருக்கட்டும், மிச்சம் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

தனித்தனியாகச் சேர்த்து, கடைசியில் ஒன்றாக்குவது

மனத்தாங்கல் வராமல் இருக்க இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. அவரவர் பணம் அவரவர் கையில், கெடு வந்ததும் கொண்டுவந்து கொட்டுவது. சட்டச் சிக்கல் இல்லை, கடன்காரர் பயம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குப் பல நேரம் இது ஒன்றே வழி. குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை: யார் எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பது கடைசி நாள் வரை யாருக்கும் தெரியாது. தெரியும்போது மாற்று ஏற்பாட்டுக்கு நேரமும் இருக்காது.

இந்தக் குறையை அடைப்பது கஷ்டமில்லை. மாதம் ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒவ்வொருவரும் தங்கள் கணக்கு இருப்பைப் படம்பிடித்துக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் போதும். சிலியில் பலன் தந்ததும் இந்த மாதிரி வெளிச்சம்தான். இதற்குச் சம்மதிக்காதவர்கள் இருந்தால், அதையும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

சீட்டு

குடும்பத்துக்குள்ளேயே சீட்டுப் போடலாம் என்ற யோசனையும் அடிக்கடி வரும். உலகம் முழுக்க மக்கள் கண்டுபிடித்துக்கொண்ட முறை இது. மெக்சிகோவில் தாண்டா, மேற்கு ஆப்பிரிக்காவில் சூசூ, இந்தோனேசியாவில் அரிசான், தென்னாப்பிரிக்காவில் ஸ்டாக்வெல் என்று வெவ்வேறு பெயர்களில் நடக்கிறது. இதன் நன்மை எளிமையானது. 10 பேர் தனித்தனியாகச் சேர்த்தால் எல்லாருக்கும் தொகை கையில் வருவது 10-வது மாதத்தில். குலுக்கல் சீட்டில் ஒருவருக்கு முதல் மாதமே கிடைக்கும், கடைசி ஆளுக்கு 10-வது மாதம். சராசரி ஐந்தரை மாதம். யாருக்கும் தாமதமில்லை, ஒன்பது பேருக்கு முன்கூட்டியே.

ஆனால் இந்தக் கணக்கு பொருந்துவது ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தேவை இருக்கும்போதுதான். எல்லாருக்கும் ஒரே இலக்கு, ஒரே தேதி என்றால், நடுவில் ஒருவர் கையில் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்து அவர் அதைச் செலவழிக்காமல் வைத்திருப்பார் என்று காத்திருப்பதில் என்ன பயன்? ஏலச்சீட்டு என்றால் அவசரத்தில் இருப்பவர் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எடுப்பார், அது மற்றவர்களுக்கு லாபமாகப் பிரியும். உறவுக்குள் அந்த லாபம் நாளைக்குப் பேச்சாக மாறும். ஒரே இலக்குக்குச் சீட்டை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் கூரை மாற்ற வேண்டியிருக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக முடித்துவிடலாம் என்றால், இதைவிடச் சிறந்த முறை இல்லை.

சீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை மறக்கக் கூடாது. நைரோபியின் கிபேரா பகுதியில் சிவான் ஆண்டர்சனும் ஜான்-மரி பாலாண்டும் ஆராய்ந்து 2002-ல் எழுதிய கட்டுரையில், பெண்கள் சீட்டில் சேர்வதற்கு ஒரு முக்கியக் காரணம், வீட்டில் பணம் இருந்தால் கணவர் செலவழித்துவிடுவார் என்பதே என்று காட்டினார்கள். "எல்லாப் பணத்தையும் ஒன்றாக்குவோம்" என்ற அழகான தீர்மானம், வீட்டில் குரல் குறைந்தவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பைப் பறித்துவிடவும் கூடும். குடும்பமாகச் சேமிக்கும்போது அவர் சொந்தமாக வைத்திருப்பதைக் கேட்காதீர்கள்.

வீட்டு உண்டியல் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ள நல்லது. பெரிய தொகைக்கு அல்ல.

பங்கு: சமமாகவா, வருமானத்துக்கு ஏற்பவா?

மூன்று வீட்டின் மாத வருமானம் ஒரு லட்சம், 60,000, 40,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 50,000 சேர்க்க வேண்டும். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஏறத்தாழ 16,670. முதல் வீட்டுக்கு அது வருமானத்தில் 17 சதவீதம்கூட இல்லை. மூன்றாவது வீட்டுக்கு 41 சதவீதத்துக்கும் மேல். அந்த வீடு நான்கு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டும், ஐந்தாவது மாதம் சாக்குச் சொல்லும். எல்லாரும் வருமானத்தில் கால் பங்கு என்று வைத்தால் 25,000, 15,000, 10,000. கூட்டினால் அதே 50,000.

சமப்பங்குதான் நியாயம் என்பவர்கள் சொல்வது ஒன்று சரி: இலக்கு ஒரு சொத்து என்றால், அதிகம் போட்டவருக்கு அதிக உரிமையா என்ற கேள்வி வரும். அதற்கு விடை எழுத்தில் இருக்க வேண்டும். பெற்றோரின் சிகிச்சைக்கு என்றால் இந்தக் கேள்வியே எழாது, விகிதப் பங்கே சரி. வீடு, நிலம் என்றால் போட்ட விகிதத்திலேயே உரிமை என்று பத்திரத்தில் எழுதுவது ஒரு வழி. சம உரிமை, கூடுதலாகப் போட்டது அன்பளிப்பு என்று எழுதுவது இன்னொன்று. எதுவானாலும் முதல் தவணைக்கு முன் முடிவாகட்டும். பணம் தராமல் உழைப்பைத் தருபவர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவை உடன் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தங்கையிடம் மற்றவர்களுக்குச் சமமான தவணை கேட்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

பூட்டி வைப்பதா, திறந்து வைப்பதா?

பிலிப்பைன்ஸில் நவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகியோர், இலக்கை எட்டும்வரை எடுக்க முடியாத கணக்கை ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு அளித்தார்கள். 28 சதவீதம் பேர் ஏற்றார்கள். ஓராண்டில் அந்த வாய்ப்புத் தரப்பட்ட பிரிவினரின் சேமிப்பு மற்றவர்களைவிட 81 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்தது. பூட்டு வேலை செய்கிறது. ஆனால் கென்யாவில் பாஸ்கலின் துபாவும் ஜோனதன் ராபின்சனும் மருத்துவச் செலவுக்காகப் பெட்டிகள் கொடுத்தபோது, சாவி தன்னிடமே இருந்தவர்கள் நோய்த் தடுப்புக்குச் செலவிட்டது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடியது. சாவி வேறொருவரிடம் இருந்த பெட்டியில் அந்தப் பலன் தெரியவில்லை. அவசரத்துக்கு எடுக்க முடியாத பெட்டியில் ஜனங்கள் தயங்கித்தான் போட்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் சொல்வது: தேதி உறுதியான இலக்கு என்றால், மூவரில் இருவர் கையெழுத்துள்ள கூட்டுக் கணக்கு, வருமானத்துக்கேற்ற பங்கு, சம்பளம் வந்த மறுநாள் தானாகவே போகும் தவணை. அதோடு பக்கத்தில் ஒரு சின்ன அவசர நிதி, எவரும் மற்றவரிடம் சொல்லிவிட்டு எடுக்கலாம் என்ற விதியோடு. கடனில் இருப்பவரோ தொலைவில் இருப்பவரோ இருந்தால், தனித்தனிக் கணக்கும் மாதாந்திர இருப்புப் படமும். தேவை வீட்டுக்கு வீடு வேறு என்றால் குலுக்கல் சீட்டு.

எதை எடுத்தாலும் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வேலை போனவர் எத்தனை மாதம் கட்டாமல் இருக்கலாம். பாதியில் விலகுபவருக்கு அவர் போட்டது எப்போது, வட்டியோடா வட்டியில்லாமலா திரும்பக் கிடைக்கும். இலக்கு முடிந்து மிஞ்சிய பணத்தை என்ன செய்வது. மூன்றாவதை எழுத எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மிஞ்சுவது சிறு தொகைதானே என்று நினைப்பதால்தான், அதை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வருடக்கணக்கில் இழுக்கிறது.