கோத்தகிரி டீ ஃபேக்டரில பேக்கப் டேப்பை ரீஸ்டோர் பண்ணி பாத்த கதை, அந்த சர்வீஸ் எப்படின்னு ஒரு ரிவ்யூ

கோயம்புத்தூர்ல ஒரு சின்ன டீம் இருக்கு. பேக்கப் எடுத்து தர்ற வேலை இல்ல, டிரைவ் விக்கற வேலையும் இல்ல, நீங்க பேக்கப் எடுத்து வச்ச டேப்புல (கம்ப்யூட்டர் டேட்டாவ காப்பி எடுத்து வைக்கற காந்த டேப்பு) இருக்கறது திரும்ப வருமா வராதான்னு ரீஸ்டோர் பண்ணி, அதாவது திரும்ப எடுத்து காட்டறது மட்டும்தான் வேலை. போன மழைக்கு முன்னாடி எங்க ஃபேக்டரிக்கு கூப்டிருந்தோம். அதுல இருந்து அரவேணு, கட்டபெட்டு பக்கம் இருக்கற ஃபேக்டரிக்காரங்க, ஊட்டில ஒரு ஸ்கூல் சிஸ்டம் அட்மின்னு ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போட முடியல, அதான் மொத்தமா எழுதிட்டேன். பேரு போட்டா விளம்பரம்னு சொல்வீங்க, போடல. ரேட்டிங் கேட்டா அஞ்சுக்கு நாலு.

நாங்க பாட் லீஃப் ஃபேக்டரி. சொந்தத் தோட்டம் கிடையாது, சுத்துப்பட்டு சிறு விவசாயிங்க கொண்டு வர்ற பச்சை இலைதான் எல்லாம். யாரு எந்த தேதியில எத்தன கிலோ போட்டாங்க, மழை இலைக்கு ஈரக் கழிவு எவ்வளவு புடிச்சோம், உரத்துக்கு அட்வான்ஸ் வாங்கிருக்காங்களா, மாசக் கடைசில கையில எவ்வளவு தரணும், இது பூராவும் ஒரு எடை சாஃப்ட்வேர்ல கெடக்கு. டாலி கணக்கு, குன்னூர் ஏலத்துக்கு போன லாட் கணக்கு எல்லாம் போனாக்கூட பேப்பர வச்சு எப்படியாச்சும் திரும்ப ஏத்திரலாம், இந்த இலைக் கணக்கு போச்சுன்னா மறுநாள் கேட்டுக்கு வெளியில வரிசை நிக்கும். அதனாலதான் எங்க முதலாளி எல்லாரும் கிளவுடுன்னு போனப்பவும் டேப்ப விடல. ஃபைல பூட்டி வச்சு காசு கேக்கற ரான்சம்வேர் வைரஸ் வந்தா கூட பீரோவுக்குள்ள கெடக்கற டேப்ப எவனும் தொட முடியாதுங்கறது அவரு வாதம், அது சரியான வாதம்தான். மலையில நெட்டு எப்படி இருக்கும்னும் உங்களுக்கே தெரியும்.

செட்டப்பு நான் வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடி வேற ஒரு பார்ட்டி போட்டு குடுத்தது. எல்டிஓ-6 டிரைவ் ஒன்னு (எல்டிஓங்கறது பேக்கப் டேப்புல ஒரு வகை, 6ங்கறது தலைமுறை), ஞாயித்துக்கிழமை ஃபுல் பேக்கப்பு, மத்த நாள் ராத்திரி இன்கிரிமெண்டல், அதாவது மாறின ஃபைல் மட்டும். தினமும் காலைல பச்சை டிக் வரும், சில மாசத்துல மஞ்ச முக்கோணமா வரும், மஞ்ச வந்தா அந்த பார்ட்டிக்கு போன் போட்டா "அது வார்னிங்தான் சார், எரர் இல்ல"ம்பாங்க. இந்த வார்த்தைய ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, டெஸ்டுக்கு வர்றேன். வந்த பசங்க எங்க டிரைவ தொடவே இல்ல, அதுதான் எனக்கு முதல்ல புடிச்சது. அவங்களே ஒரு எல்டிஓ-6 டிரைவ், டேப் டிரைவ இணைக்கற சாஸ் கார்டு போட்ட ஒரு பிசி, ஒன்னுமே இல்லாத காலி டிஸ்க், சொந்தமா ஒரு யுபிஎஸ் எல்லாம் தூக்கிட்டு வந்தாங்க. ஏன்னு கேட்டேன். டேப் டிரைவ்ல எழுதற ஹெட்டுக்கு அடுத்தாப்லயே படிக்கற ஹெட்டும் இருக்கு, எழுத எழுத அதுவே படிச்சு சரி பாத்துக்கும், ஆனா அந்த டிரைவோட ஹெட் லேசா விலகி இருந்தா அது எழுதினத அது நல்லா படிக்கும், வேற டிரைவ்ல போட்டா வாந்தி எடுக்கலாம். ஃபேக்டரில தீப்பிடிச்சா டேப்பு வெளியில பத்திரமா இருக்கும், டிரைவ் இருக்காதே, அப்ப எப்படியும் வேற டிரைவ்லதான படிக்கணும், அதனால வேற டிரைவ்ல படிச்சு காட்டாத டெஸ்டு டெஸ்டே இல்லங்கறாங்க. அதே மாதிரி எங்க சர்வர்ல ரீஸ்டோர் பண்ணவும் ஒத்துக்கல, பழைய கேட்டலாக் (எந்த ஃபைலு டேப்புல எங்க இருக்குங்கற பட்டியல்), பழைய ஃபைலு எல்லாம் அங்கயே இருக்கும், டேப்புல இருந்து வந்துச்சா இல்ல ஏற்கனவே அங்க கெடந்துச்சான்னு தெரியாதாம். கேட்டலாக்கயும் டேப்புல இருந்தே புதுசா உருவாக்கினாங்க, அதுக்கே நேரம் இழுத்துருச்சு.

கோயம்புத்தூர் வண்டிங்கறதால இ-பாஸ் எடுத்து வரணும், அது எடுத்துட்டாங்க, ஆனா குஞ்சப்பனை செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் தடைன்னு தண்ணி பாட்டில புடுங்கிட்டு, டிரைவ சுத்தியிருந்த பபிள் கவர பாத்து இது என்னன்னு வேற நிறுத்தி வச்சிருக்காங்க பாவம். கீழ இருந்து மேல வர்றவங்க அட்டைப்பெட்டி, துணி வச்சு கட்டிட்டு வாங்கப்பா.

எந்த டேப்புன்னு நம்மள சொல்ல விட மாட்டாங்க. பீரோவ தொறக்க சொல்லி அவங்களே நடுவுல இருந்து உருவறாங்க, ஒன்னு ரீசண்ட், ஒன்னு போன வருசம், ஒன்னு ரொம்ப பழசு. பீரோ ஈரச் சுவத்தோட ஒட்டி இருந்துச்சு, ரெண்டு மூணு கேஸ்ல பார்கோடு லேபிள் உரிஞ்சு சுருண்டிருந்துச்சு, ஒரு கேஸ் மேல வெள்ளையா பூசணம். ரொம்ப நாள் வைக்கற டேப்புக்கு 16ல இருந்து 25 டிகிரி, ஈரப்பதம் 20ல இருந்து 50 சதவீதம்னு கணக்கு, மழை மாசத்துல கொடியில போட்ட துணியே காயாத ஊர்ல 50 சதவீதத்துக்கு எங்க போறது. காத்து போகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, பீரோவ உள்சுவத்துக்கு தள்ளுங்கன்னாங்க, தள்ளியாச்சு. வெளியூர்ல வைக்கற செட்டுக்கு இன்னொன்னு சொன்னாங்க. கோத்தகிரி குளிர்ல இருந்து மேட்டுப்பாளையம் வெக்கைக்கு டேப்ப கொண்டு போனா உள்ள வேர்த்துரும், ஒரு நாள் முழுக்க அந்த ரூம்ல சும்மா வச்சிட்டுதான் டிரைவ்ல போடணுமாம். அப்புறம் டீத் தூசி. சலிக்கற எடத்துல பறக்கற அந்த மெல்லிசு நாரு இருக்கே, எங்க டிரைவோட முன்பக்கத்துல பஞ்சு மாதிரி ஒட்டிருந்துச்சு. கிளீனிங் டேப்ப எத்தன தடவ போட்டிருக்கோம்னு கேட்டாங்க, அது பிரிக்காமயே இருந்துச்சு, பழைய பார்ட்டியோட பில்லுல மட்டும் அப்பப்ப "ஹெட் கிளீனிங்"னு வந்துட்டு இருந்துச்சு.

ரீஸ்டோர் ஓடறத பாத்துட்டு உக்கார ஒன்னுமில்ல. எல்டிஓ-6 டேப் 2.5 டிபி, நொடிக்கு 160 எம்பி போனா முழு டேப்பு நாலே கால் மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா குட்டி குட்டி ஸ்கேன் ஃபைலா இருந்தா இந்தப் பக்கம் டிஸ்க்கு திணறும், டேப்பு நின்னு, பின்னாடி போயி, திரும்ப ஓடும், அந்த சத்தம் கேட்டாலே தெரியும். நடுவுல கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் மாத்தற வரைக்கும் அவங்க யுபிஎஸ் தாங்குச்சு. ராத்திரி வரைக்கும் ஆச்சு. படிக்கறதுல ஒரு எரர் இல்ல, ஃபைலு மாறாம வந்துச்சான்னு பாக்கற செக்சம் எல்லாம் ஒத்துப்போச்சு. நான் "அவ்வளவுதான், பாஸு"ன்னு நினைச்சு டீ சொல்லிட்டேன்.

அவங்க அப்பதான் கேக்கறாங்க, இலைக் கணக்கு பாக்கறது யாரு, அவங்கள வரச் சொல்லுங்கன்னு. மறுநாள் காலைல அக்கவுண்ட்ஸ் அக்காவ கூப்ட்டு உக்கார வச்சோம். அக்காவுக்கு டேப்பு, எல்டிஓ எதுவும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் ஆசையில்ல. கையில ஒரு விவசாயியோட எடைச் சீட்டு கட்டு, ரப்பர் பேண்ட் போட்டது. ரீஸ்டோர் ஆன சிஸ்டத்துல எடை சாஃப்ட்வேர தொறந்து அவரு பேர தட்டி, சீட்ட ஒவ்வொன்னா தள்ளி விரலால ஸ்கிரீன தொட்டு தொட்டு பாத்துட்டே வந்தாங்க. பாதி கட்டு வர்றதுக்குள்ள விரல் நின்னுருச்சு.

"தம்பி, இதுக்கப்புறம் இவரு இலையே போடலையா என்ன?"

"கீழ தள்ளி பாருங்கக்கா."

"தள்ளியாச்சு. வெள்ளையா இருக்கு. வேற யாராச்சும் பாப்போம்." இன்னொரு பேரு, இன்னொரு பேரு. எல்லாருக்கும் அதே தேதியோட நிக்குது. டேப்புல தேதி போன வாரம், கணக்கு நிக்கறது அதுக்கு பல வாரம் முன்னாடி. அக்கா என்னைய ஒரு பார்வ பாத்தாங்க.

காரணம் தோண்டி எடுத்தது அந்த பசங்கதான். எடை சாஃப்ட்வேர் ஓடிட்டு இருக்கறப்ப அதோட டேட்டாபேஸ் ஃபைலு தொறந்தே இருக்கும். தொறந்திருக்கற ஃபைல எடுக்கறதுக்கு விண்டோஸ்ல ஷேடோ காப்பின்னு ஒன்னு இருக்கு, அது பழைய பார்ட்டி போட்ட ஜாப்ல ஆஃப்ல இருந்துச்சு, அதனால பேக்கப்பு அந்த ஒரு ஃபைல மட்டும் "யூஸ்ல இருக்கு, ஸ்கிப்"னு விட்டுட்டு மத்த ஆயிரக்கணக்கான ஃபைல ஒழுங்கா எழுதிட்டு மஞ்ச முக்கோணம் போட்டுட்டு போயிட்டே இருந்திருக்கு. ரீஸ்டோர்ல வந்தது அதே டேப்புல கடைசியா ஏறியிருந்த பழைய காப்பி. வரத்து கம்மியான மாசத்துல ஞாயித்துக்கிழமை எடை மேடை லீவு, சாஃப்ட்வேரும் அதுக்கு அடியில ஓடற டேட்டாபேஸும் மூடியிருக்கும், அப்ப ஃபுல் பேக்கப்புல ஃபைலு ஏறிரும், பச்சை டிக். இலை கொட்டற மாசத்துல ராத்திரியும் ஓடும் ஞாயிறும் ஓடும், ஃபைலு மூடறதே இல்ல, பேக்கப்பு ஏறறதே இல்ல. அதாவது எந்த மாசத்துல கணக்கு ஜாஸ்தியோ, கரெக்டா அந்த மாசம் மட்டும் டேப்புல இல்ல! டேப்ப எத்தன தடவ வெரிஃபை பண்ணாலும் இது மாட்டாது, ஏன்னா டேப்புல எழுதினது எல்லாமே சரிதான், எழுதாததத்தான் யாரும் பாக்கல.

இத சரி பண்ணி குடுங்கன்னு கேட்டோம், மாட்டேன்னுட்டாங்க. நாங்களே செஞ்சு நாங்களே சோதிச்சா எப்படி சார்னு. எனக்கு அப்ப கடுப்புதான், ஆனா நியாயம். என்ன செய்யணும்னு மட்டும் சொன்னாங்க: டேட்டாபேஸ் ஃபைல நேரா டேப்புக்கு அனுப்பாதீங்க, அந்த டேட்டாபேஸ ஓட்டற எஸ்கியூஎல் சர்வரோட சொந்த பேக்கப் கமாண்ட்ல ஒரு ஃபைலா எடுத்து அந்த ஃபைல டேப்புக்கு அனுப்புங்க. அதுலயும் ரீஸ்டோர் வெரிஃபைஒன்லின்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது பேக்கப் முழுசா இருக்கா, படிக்க வருதான்னுதான் பாக்கும், உள்ள டேட்டா கட்டுக்கோப்பா இருக்கான்னு பாக்காது, அதுக்கு நெஜமா ரீஸ்டோர் பண்ணி, உள்ள இருக்கறத சரி பாக்கற செக்டிபி கமாண்ட ஓட்டணும். இப்ப அப்படித்தான் போகுது.

பழைய டேப்பு விஷயத்துக்கு மட்டுமே இவங்களுக்கு காசு குடுத்திருக்கலாம். கம்பெனி சட்டப்படி கணக்குப் புத்தகம் 8 நிதியாண்டு வச்சிருக்கணும், எங்ககிட்ட அதுக்கும் முந்தின எல்டிஓ-4, எல்டிஓ-5 எல்லாம் கெடக்கு. எல்டிஓ-6 டிரைவ் அந்த ரெண்டையும் படிக்கும், இவங்க போட்டு காட்டினாங்க, வந்துச்சு. இதுல கூத்து என்னன்னா ஒரு சேல்ஸ் ஆளு ரொம்ப நாளா எங்க முதலாளிய பழைய டிரைவ எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு எல்டிஓ-8 வாங்குங்க, 12 டிபின்னு நச்சிட்டு இருந்தாரு, கிட்டத்தட்ட முடிவே ஆயிருச்சு. எல்டிஓ-7 வரைக்கும் ரெண்டு தலைமுறை பின்னாடி படிக்கும், எல்டிஓ-8ல இருந்து அது கிடையாது, 7ம் 8ம் மட்டும்தான். பழச குடுத்துட்டு புதுச வாங்கியிருந்தா பீரோல இருக்கற ஒரு டேப்ப கூட எங்களால படிக்க முடிஞ்சிருக்காது. அந்த ஆளு இத ஒரு வார்த்த சொல்லல.

சாப்பாட்டு நேரத்துல பெரிய கம்பெனி கதையெல்லாம் சொன்னாங்க. 2017 ஜனவரி 31ல கிட்லாப்ல (புரோகிராம் எழுதறவங்க கோட வச்சுக்கற வெப்சைட் நடத்தற கம்பெனி) ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ அழிச்சுட்டாரு, பேக்கப்ப தேடினா டம்ப், அதாவது டேட்டாபேஸ் காப்பி எடுக்கற புரோகிராம் வெர்ஷன் ஒத்துப்போகாம ரொம்ப நாளா பெயில் ஆயிட்டு இருந்திருக்கு, பெயில் ஆச்சுன்னு போன மெயிலும் ரிஜெக்ட் ஆகி யாருக்கும் போகல, கடைசில ஆறு மணி நேர டேட்டா போயிருச்சு. அவங்களே அத வெளிப்படையா எழுதி போட்டாங்க. மாறா 2011ல கூகுள்ல கொஞ்சம் பேரோட ஜிமெயில் காணாம போனப்ப டேப்புல இருந்துதான் திருப்பி குடுத்தாங்க. டேப்ப கிண்டல் பண்றவங்களுக்கு நான் இப்ப இத சொல்லிட்டு திரியறேன்.

குறைன்னு பாத்தா, ரிப்போர்ட்டு. பூரா இங்கிலீஷ், பாதி ஸ்கிரீன்ஷாட்டு, எங்க முதலாளி முதல் பக்கத்தோட மூடிட்டாரு. கணக்கு எந்த தேதியோட நிக்குதுங்கறது, அதாவது முக்கியமான சமாச்சாரம், நடுவுல எங்கயோ ஒரு டேபிள்ல கெடக்கு. அடுத்தது என்கிரிப்ஷன், அதாவது கீ இல்லாம யாரும் படிக்க முடியாதபடி டேப்ப பூட்டறது. எங்க டேப்புக்கு பாஸ்வேர்டு உண்டு, அத நான் பக்கத்துல உக்காந்து தட்டிக் குடுத்துட்டேன், நான் இல்லாதப்ப முதலாளியால அந்த கீய எடுக்க முடியுமான்னு அவங்க சோதிச்சிருக்கணும், கேக்கவே இல்ல. நாங்களா பிரிண்ட் எடுத்து ஒட்டின கவர்ல போட்டு பேங்க் லாக்கர்ல வச்சோம். போன் எடுக்க லேட்டு பண்ணுவாங்க, வாட்ஸ்அப்ல கேட்டா மறுநாள் பதில்.

ரேட்டு டேப்பு எண்ணிக்கைக்கு, மலைக்கு வர்ற செலவு தனி, தங்கறதுக்கு ரூம் நாமதான் போட்டு தரணும். நாம டேப்ப கீழ அனுப்பினா கம்மி ஆகும், ஆனா விவசாயிங்க பேங்க் நம்பரெல்லாம் உள்ள இருக்கறத கொரியர்ல அனுப்ப எனக்கு மனசு வரல. ஒரு நாளைக்கு ரெண்டு டேப்புக்கு மேல எதிர்பாக்காதீங்க. கூப்பிடறதா இருந்தா ஐப்பசி மழைக்கு முன்னாடி கூப்ட்டுருங்க, அதுக்கப்புறம் ரோட்டுல எங்கயாச்சும் மண்ணு சரிஞ்சா அவங்க வர்றது தள்ளிட்டே போகும், அப்புறம் முக்கியமா கணக்கு எழுதற ஆள அன்னிக்கு லீவு போட விடாதீங்க.