ஒரு வண்டி, மூன்று வாரண்டி: கடலூரிலிருந்து ஒரு கேம்பர்வேன் அனுபவம்

படுக்கையும் சமையல் வசதியும் உள்ள கேம்பர்வேன் வாங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், கூண்டு கட்டுபவர் எந்த ஊர், பழுது என்றால் ஆள் அனுப்புவாரா என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். எத்தனை பேர் படுக்கலாம், ஏசி உண்டா, சோலார் எத்தனை வாட் என்பதெல்லாம் பிறகு. 2024-இல் எடுத்த எங்கள் வண்டி இரண்டு வடகிழக்குப் பருவமழைகளைப் பார்த்துவிட்டது. கூண்டின் ஓராண்டு வாரண்டி முடிந்துவிட்டது. வண்டியின் அடிச்சட்டமான சேஸியின் மூன்றாண்டு வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. புது வண்டியில் பழுது வருவது இயல்பு. அந்தப் பழுது யார் பொறுப்பு என்பதை நிலைநாட்டத்தான் பெரும்பாடு படவேண்டியிருந்தது.

வண்டியை ஏன் எடுத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி. பாடல் பெற்ற தலங்களை ஒவ்வொன்றாகத் தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரரை நினைத்தபோது பார்க்கலாம். சீர்காழி, திருவாரூர் என்று கிளம்பினால் வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற கவலையிலேயே அவர் தண்ணீர் குடிக்காமல் வருவார். கழிப்பறையும் படுக்கையும் உள்ள வண்டி அந்தக் கவலையைத் தீர்த்தது. ஆகவே வண்டி பட்டறையில் நின்றால் எங்கள் வீட்டில் அது வெறும் செலவுக் கணக்கு இல்லை.

கார் வாங்கினால் ஒரே நிறுவனம், ஒரே வாரண்டிப் புத்தகம். கேம்பர்வேனில் இன்ஜினும் சேஸியும் ஒரு நிறுவனத்தினுடையவை. கூண்டும் உள்வேலையும் எங்கள் விஷயத்தில் கரூரில் ஒரு பட்டறையினுடையவை. குளிர்பெட்டி, லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், தண்ணீர் பம்பு ஆகியவற்றுக்கு அவரவர் வாரண்டி. ஒருவர் வேலை முடியும் இடத்தில் அடுத்தவர் வேலை தொடங்குகிறது. எங்கள் பழுதுகளில் பெரியவை எல்லாம் அந்த இடங்களில்தான் வந்தன. பழைய வேனை வாங்கித் தாமாகவே உள்ளே கட்டில் போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேம்பர்வேன் போன்ற மோட்டார் கேரவனுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தனித் தரநிலையே இருக்கிறது. அந்த ஒப்புதலோடு கட்டப்பட்ட வண்டியை, ஆர்சி புத்தகத்தில் அதே வகையாகப் பதிவு செய்து வாங்குவதுதான் நல்லது.

முதலில் தலைகாட்டியது ஒழுக்கு. ஐப்பசியில் ஒரு சாதாரண மழை. மறுநாள் காலையில் அடுப்பு மேடைக்கு மேலுள்ள அலமாரியின் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். அப்போதே தேதி தெரியும்படி படம் எடுத்துப் பட்டறைக்கு அனுப்பினேன். "புது சீலன்ட் சார், இறுகிவிட்டால் நின்றுவிடும்" என்று பதில் வந்தது. அது நிற்பதற்குள் ஃபெஞ்சல் வந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த அந்தப் புயலில் இந்தப் பகுதி பட்டதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் மெத்தையின் கால்மாடு நனைந்திருந்தது, அலமாரியின் அடிப்பலகை உப்பியிருந்தது. இப்போது பட்டறையின் பேச்சு மாறியது. புயல் என்பது இயற்கைச் சீற்றமாம். அதனால் வந்த சேதம் வாரண்டிக்குள் வராதாம்.

ஐப்பசியில் எடுத்த அந்தப் படம் மட்டும் இல்லாவிட்டால் அந்த வாதம் நின்றிருக்கும். அதோடு இன்னொன்றும் செய்தோம். வெயில் நன்றாக அடித்த நாளாகப் பார்த்து, காற்றே இல்லாதபோது, கூரையில் குழாய்த் தண்ணீர் விட்டுச் சோதித்தோம். மேலிருந்து விடக்கூடாது, எல்லாம் ஒன்றாக நனைந்து எங்கிருந்து இறங்குகிறது என்றே தெரியாது. கீழ் ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு இணைப்பிலும் சில நிமிடம் நிறுத்தி, மெல்ல மேலே ஏற வேண்டும். உள்ளே கூரைப் பலகையைக் கழற்றி, விளிம்புகளில் உலர்ந்த கோலமாவைத் தூவி, டார்ச்சோடு என் மனைவி உட்கார்ந்திருந்தார். கூரை விசிறியைச் சுற்றி விட்டபோது ஒன்றுமில்லை. சோலார் தகட்டின் சட்டத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டில் விட்ட கொஞ்ச நேரத்தில், மாவில் சாம்பல் நிறமாக ஒரு கோடு விழுந்து நீண்டது. போல்ட் துளை வழியாக இறங்கிய தண்ணீர், கூரையின் இரும்பு விலா வழியே நாலடி தள்ளி ஓடி, அலமாரிக்கு மேலே சொட்டியிருக்கிறது. சொட்டும் இடத்தில் சீலன்ட் பூசி ஆயுள் முழுவதும் காத்திருந்தாலும் அது நின்றிருக்காது.

இதைக் காணொளியாக எடுத்து அனுப்பியதும் பட்டறைக்காரர் இறங்கி வந்தார். வண்டியைக் கரூருக்குக் கொண்டுவரச் சொன்னார். போக இருநூறு கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம், நடுவில் அங்கே தங்கும் செலவு. உள்ளூரிலேயே செய்துகொள்கிறேன், பில் அனுப்புகிறேன், கொடுத்துவிடுங்கள், கூண்டு வாரண்டியும் அப்படியே தொடரும் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்றேன். அந்த ஒரு வரி மின்னஞ்சலாக வரும்வரை யாரையும் வண்டியில் கை வைக்க விடவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு சிலிக்கான் குழாயோடு வந்து நின்றார். அவரையும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பெயின்ட் பூசிய தகட்டில் சாதாரண சிலிக்கான் நாளடைவில் உரிந்துவிடும். அது பட்ட இடத்தில் பிறகு வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். அனுமதி வந்த பிறகு போல்ட்டுகளைக் கழற்றி, அடியில் பியூட்டைல் டேப் வைத்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் போட்டோம். உப்பிய பலகையை மாற்றும்போது ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். முன்பு இருந்தது ஈரப்பதத்தைத் தாங்கும் சாதாரண ரகம். தண்ணீரைத் தாங்குவது அதன் வேலையே இல்லை. 2025 மழையில் அந்த மூலை காய்ந்தே இருந்தது.

மின்சாரக் கதை இன்னும் சிக்கலானது. வண்டிக்குள் விளக்கு, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கென்று உள்ள தனிப் பேட்டரியை வீட்டுப் பேட்டரி என்போம். அதன் திரையில் தொண்ணூறு சதவீதம் காட்டும். குளிர்பெட்டியோ மின்னழுத்தம் போதவில்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். பட்டறைக்காரர் குளிர்பெட்டிக் கம்பெனியைக் கைகாட்டினார். கம்பெனி ஆள் வந்து, தாம் கொண்டுவந்த பேட்டரியில் நேராக மாட்டி ஓட்டிக் காட்டினார். சிக்கல் இல்லாமல் ஓடியது. குளிர்பெட்டி நன்றாக இருக்கிறது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இதற்கிடையே திருவாரூரில் ஓர் இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரில் உயிரே இல்லை. பக்கத்து லாரிக்காரர் ஒருவர் ஒயர் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். புதுச்சேரியில் உள்ள சேஸி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், பேட்டரி முனையில் கூடுதலாக மாட்டியிருந்த ஒயர்களைப் பார்த்ததுமே, "இது வெளியாள் வேலை, வாரண்டியில் வராது" என்றார்கள். கரூரைக் கேட்டால், "ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை சார், அவர்கள்தான் பார்க்க வேண்டும்" என்றார்கள். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவிதான் ஆல்டர்னேட்டர்.

கடலூர் துறைமுகப் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்கு ஒயரிங் செய்யும் ஒருவரைத் தேடிப் போனேன். 12 வோல்ட்டும் உப்புக்காற்றும் அவருக்குத் தினசரி வேலை. மல்டிமீட்டரின் முனைகளை முதலில் வீட்டுப் பேட்டரியில் வைத்தார்: 13.2. குளிர்பெட்டியின் முனையில் வைத்துக்கொண்டு கம்ப்ரஸர் கிளம்பும்வரை காத்திருந்தார். கிளம்பிய கணத்தில் எண் சரிந்து பத்தரைக்கும் கீழே போனது, கம்ப்ரஸர் நின்றது, எண் பழையபடி ஏறியது. ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனவர், ஓர் இணைப்பில் கையை வெடுக்கென்று எடுத்தார். "தொட்டுப் பாருங்கள் சார், சுடுகிறது." உறையைக் கீறிப் பார்த்தால், ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டான லக்கைக் குறடால் நசுக்கியிருந்தார்கள், செம்பில் பச்சைக் களிம்பு. "ஒயருக்கு ஒன்றுமில்லை, முனைதான் போய்விட்டது. ஆனாலும் இந்த ஒயரே இதற்குப் பத்தாது" என்றார்.

வீட்டு ஒயரிங் பழக்கத்தில் வேலை செய்பவர்களிடம் இந்தக் குறை அடிக்கடி வரும். அறுபது வாட் கருவி 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான் இழுக்கும். 12 வோல்ட்டில் அதே கருவி ஐந்து ஆம்பியர் இழுக்கும். போதாததற்கு, 230-இல் ஒரு வோல்ட் குறைந்தால் தெரியாது, 12-இல் ஒரு வோல்ட் குறைந்தால் கருவி நின்றுவிடும். ஒன்றரை ஸ்கொயர் எம்எம் ஒயரை எடுத்துவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் ஆறு ஸ்கொயர் எம்எம் போட்டு, முறையான கருவியால் லக் அடித்து, மேலே ஒட்டுப்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டார். பழுது மட்டுமென்றால் போகட்டும் என்று விடலாம். சுடுகிற இணைப்பு பலகைக்குப் பின்னால் இருந்தது, அதற்கு இந்தப் பக்கம் அம்மா படுத்திருந்தார். இதை மட்டும் என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஸ்டார்ட்டர் பேட்டரி இறங்கிய காரணத்தையும் அவரே கண்டார். வண்டி ஓடும்போது வீட்டுப் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் சார்ஜருக்கு ஒரு சிக்னல் ஒயர் உண்டு. சாவியைத் திறந்தால் மட்டுமே அதில் மின்சாரம் வர வேண்டும். எங்கள் வண்டியில் அதை எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்தில் இணைத்திருந்தார்கள். இன்ஜின் நின்ற பிறகும் சார்ஜர் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. கிளாம்ப் மீட்டரில் அந்த ஓட்டம் அப்பட்டமாகத் தெரிந்தது.

காரணம் கையில் கிடைத்ததும் மறுபடியும் புதுச்சேரி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சண்டை போடவில்லை. கூடுதல் ஒயர்களைக் கழற்றிவிட்டு அளந்து, ஆல்டர்னேட்டர் எத்தனை வோல்ட் தருகிறது, பேட்டரி நிலை என்ன, ஒயரைக் கழற்றியதும் மின்கசிவு நிற்கிறதா என்பதை எண்களோடு, சர்வீஸ் விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். அங்கிருந்த மேற்பார்வையாளர் நியாயமானவர், எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்த பிறகு கரூர் பட்டறையால் ஆல்டர்னேட்டர் என்று சொல்ல முடியவில்லை. வாரண்டிச் சண்டையில் நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான்: ஒருவர் "என்னுடையது இல்லை" என்றால், ஏன் இல்லை என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்குவது. அடுத்தவரிடம் போகும்போது அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மற்றவை சிறியவை. நடு இரவில் எந்தக் குழாயும் திறக்காதபோது தண்ணீர் பம்பு ஒரு நொடி டர்ரென்று ஓடி நிற்கும். அழுத்தம் எங்கோ கசிகிறது என்று பொருள். கழிப்பறைக்குப் பின்னால் ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தது, முடுக்கியதும் சரியானது. அலமாரிக் கீல்கள் சில மாதத்திலேயே துருவேறின. தேவனாம்பட்டினக் கடற்காற்று அப்படி. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லிப் போட்டது 202 ரகம். காந்தம் ஒட்டவில்லையே, நல்ல ரகம்தான் என்று பட்டறையில் வாதிட்டார்கள். 202, 304 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. கடலோரத்துக்கு 316 சிறந்தது. கீலுக்கான வித்தியாசப் பணத்தை நானே கொடுத்து அதை மாற்றிக்கொண்டேன்.

ஒயரிங்குக்கு ஆன செலவைத் தரப் பட்டறை இழுத்தடித்தபோதுதான் சட்டத்தைப் பற்றி விசாரித்தேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குச் செய்திருக்கும் பெரிய உதவி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது. கரூருக்கு அலைய வேண்டாம்; கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம்தான். 20 முதல் 50 லட்சம் வரைக்கான கட்டணம் 1,000 ரூபாய். குறை தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்க வாங்கியவர்கள் கவனிக்க வேண்டும்: வணிக நோக்கத்துக்கு வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதாது; தம் பிழைப்புக்காகத் தாமே ஓட்டுபவருக்கு விலக்கு உண்டு. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நாங்கள் ஆணையம்வரை போக நேரவில்லை. ஜாப் கார்டு நகல், குளிர்பெட்டி ஆள் எழுதிய தாள், படங்கள், பில்கள் எல்லாவற்றையும் இணைத்து, இத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று ஒப்புகையோடு தபாலில் அனுப்பினோம். பணம் வந்தது. இழுத்தடித்தார்களே தவிர, கடைசியில் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்டி எடுக்கப் போகிறவர்கள் சாவி வாங்கும் நாளிலேயே ஒயரிங் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அது இருந்திருந்தால் படகு ஒயரிங்காரர் அரை நாள் முன்னதாகவே கண்டுபிடித்திருப்பார். லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், குளிர்பெட்டி ஒவ்வொன்றின் பில்லும் வாரண்டி அட்டையும் உங்கள் பெயரில் இருக்கட்டும். எங்கள் இன்வெர்ட்டர் பில் பட்டறையின் பெயரில் இருந்ததால், அதன் விசிறி கெட்டபோது கம்பெனி எங்களிடம் பேசவே மறுத்தது. கடைசித் தவணையில் ஒரு பகுதியை முதல் மழைக்குப் பிறகு தருகிறேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுத முடிந்தால் எழுதுங்கள். உள்வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும், தொலைபேசியை எடுக்காத பட்டறையைவிட, சுமாரான அலமாரி செய்து கூப்பிட்டால் வரும் பட்டறையையே நான் தேர்வேன். விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்போது மிச்சம் இருப்பது ஒன்று. எண்பதைத் தாண்டினால் பக்கவாட்டுத் தள்ளுகதவின் ரப்பர் பீடிங் விசில் அடிக்கிறது. கதவு சேஸி நிறுவனம் பொருத்தியது, கூண்டுக்காரர் அதைத் தொடவே இல்லை என்று படத்தோடு எழுதிக் கொடுத்தேன். வாரண்டியில் ஏற்றுக்கொண்டு உதிரிபாகத்துக்கு எழுதியிருக்கிறார்கள். ஐப்பசிக்கு முன்னால் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.