ஆடாசிட்டியில் வெட்டி எடுத்த பழைய பாம்பன் ரயில்

நாட்டுப்படகில் கரையோரத் தொழிலுக்குப் போகும் என் அப்பாவுக்கு, போனோடு வந்த ரிங்டோன்களில் ஒன்றுகூட இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்பதில்லை. தனக்குப் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும் சத்தம்தான் வேண்டும் என்று அவர் கேட்டார். 2019இல் சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்று போனிலேயே பிடித்து வைத்த நான்கு நிமிடப் பதிவு என்னிடம் இருந்தது. 1914இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனதாலும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் சத்தம் அப்பாவின் காதுக்கு வேறாக இருப்பதாலும், அந்தப் பதிவு கெட்டால் மறுபடி எடுக்க வழியில்லை. அதை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வெட்டித் திருத்திய அனுபவத்தை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000இல் வெளியான ஆடாசிட்டி, காசில்லாமல் கிடைக்கும் திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். போனுக்கென்று அதிகாரபூர்வப் பதிப்பு கிடையாது என்பதால் லேப்டாப்போ கணினியோ தேவைப்படும்.

என் பதிவில் ரயிலைவிடக் கச்சான் காற்றுதான் அதிகம் இருந்தது. முதலில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' வசதியைப் போட்டுப் பார்த்தேன். மின்விசிறி இரைச்சல்போல ஒரே சீராக வரும் சத்தத்தை அது நன்றாகவே நீக்குகிறது. ஏறி இறங்கி வீசும் காற்றின்மேல் போட்டதும் ரயில் தண்ணீருக்கடியில் ஓடுவதுபோல ஆகிவிட்டது. அதை விட்டுவிட்டு 'ஹை பாஸ் ஃபில்டர்' வைத்து 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்தபோது, மைக்கில் மோதிய காற்றின் குபுகுபுப்பு பெரும்பாலும் அடங்கி, தண்டவாள இணைப்புகளைச் சக்கரம் தாண்டும் 'டடக் டடக்' தனியாக எழுந்து நின்றது. மனிதக் காது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கே மிகக் கூர்மையாக இருப்பதாலும், இன்ஜினின் உறுமல் பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதாலும், அந்த டடக்தான் படகில் காதை எட்டுகிறது. பாலத்தின் இரும்பு அதிரும் அடிக்குரல் போய்விட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் போனின் சிறிய ஸ்பீக்கர் அதை எப்படியும் தந்திருக்காது. மச்சான் ஆசையாகக் கொண்டுவந்த பறையடிப் பதிவு, அவர் போனில் தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஒலித்ததற்கும் இதுவே காரணம். ஹெட்போனில் கேட்டு முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். நான் ஒவ்வொரு திருத்தத்தையும் அப்பாவின் போனுக்கே அனுப்பி, ஓடும் இன்ஜின் பக்கத்தில் வைத்து ஒலிக்கவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனேன்.

எடுக்கப்படாத மொபைல் அழைப்பு 30 வினாடிதான் ஒலிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019இல் வரையறுத்திருப்பதால் நீளமான துண்டு வீண். 24 வினாடி எடுத்தேன். முதல் வினாடியிலேயே சத்தம் வர வேண்டும் என்பதால் சத்தத்தை மெல்ல ஏற்றும் 'ஃபேட் இன்' போடவில்லை. தேர்ந்தெடுத்த பகுதியின் ஓரங்களை, இசட் விசையை அழுத்தி, ஒலி அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்துக்கு நகர்த்தியதால் துண்டு மறுபடி தொடங்கும்போது 'டிக்' என்ற வெட்டுச் சத்தம் வரவில்லை. எம்பி3 ஆக 128 கேபிபிஎஸில் சேமித்தால் 400 கேபிகூட வரவில்லை. ஆண்ட்ராய்டு போனின் ரிங்டோன்ஸ் ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது. 2025இல் ஐஓஎஸ் 26 வரும்வரை ஐபோனுக்கு எம்4ஆர் வடிவம் தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை.

அப்டேட் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இதன் புராஜெக்ட், அதாவது பிறகு தொடர்வதற்காக நாம் சேமித்து வைக்கும் வேலை, ஏயூபி3 என்ற ஒரே கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. முன்பு ஒரு கோப்பும் அதனோடு ஒரு டேட்டா ஃபோல்டருமாக இருந்து, ஃபோல்டரை மறந்து கோப்பை மட்டும் நகலெடுத்தவர்கள் பாடுபட்டதை நினைத்தால் இது பெரிய நன்மை. பழைய புராஜெக்டைப் புதிய பதிப்பு திறக்கும். ஏயூபி3 கோப்பை 2 வரிசைப் பதிப்புகள் திறக்காது. இது தெரிந்திருந்தும், லேப்டாப் பழுதுக்குப் போன வாரத்தில், பென் டிரைவோடு தெரிந்தவரின் கணினி மையத்துக்குப் போய், அங்கிருந்த பழைய பதிப்பின் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தப் பதிப்பும் திறக்கும் வேவ் என்ற ஒலிக் கோப்பாகவும் தனியாக எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன்.

உறவினர்கள் ஆளுக்கொரு பாட்டோடு வரத் தொடங்கியதும், வெட்டும் வேலைக்கு, ஒலிக் கோப்புகளைக் கையாளும் ஆயத்த நிரல் தொகுப்பான பைடுப் நூலகத்தை வைத்து, பைத்தான் நிரல்மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். பைத்தான் 3.13க்கு அப்டேட் செய்த அன்று அது நின்றுபோனது. பைடுப் நம்பியிருந்த ஆடியோஆப் தொகுதி அந்தப் பதிப்பில் நீக்கப்பட்டிருந்தது, 3.11இலிருந்தே எச்சரிக்கை காட்டிவந்தும் நான் படிக்கவில்லை. ஆடியோஆப்-எல்டிஎஸ் என்ற மாற்றுத் தொகுப்பை நிறுவியதும் ஓடியது. இப்போது ஒவ்வொரு நிரலுக்கும் மற்றவற்றின் அப்டேட் பாதிக்காதபடி தனித்தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் வைத்துக்கொண்டு, பதிப்பு எண்ணையும் எழுதி வைக்கிறேன்.

ரிங்டோனுக்கு ஆடாசிட்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அப்பா கரையில் இருக்கும்போது ரயில் பாலத்தைக் கடந்து முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் போனை எடுக்கிறார். அதற்குள் பாதிப் பேரின் அழைப்பு துண்டித்துவிடுகிறது என்பதால், துண்டை 15 வினாடியாகக் குறைக்கச் சொல்லி அம்மா உத்தரவு போட்டிருக்கிறார்.