பேட்டரி வீக் என்று சீட்டு கொடுத்தால் உடனே மாற்றாதீர்கள்

என் சின்ன பெட்ரோல் காரில் இருப்பது மூன்று வருடம் தாண்டிய 35 ஏஹெச் (கொள்ளளவு, ஆம்பியர்-மணி) பேட்டரி. ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. நம் ஊர் வெயிலில் ஒரு பேட்டரி இதற்கு மேல் உழைக்க வேண்டியதில்லை. எரிச்சலெல்லாம், சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "பேட்டரி வீக், மாத்திடுங்க சார்" என்று நீட்டும் அந்தச் சீட்டின் மேல்தான்.

அந்தச் சீட்டை அடித்துத் தரும் டெஸ்டர் கருவி மோசமில்லை. ஆனால் பேட்டரி லேபிளில் உள்ள சிசிஏ எண்ணை (குளிரில் ஸ்டார்ட் செய்ய பேட்டரி தரக்கூடிய கரண்ட்) சரியாகக் கொடுக்க வேண்டும். 300 போட வேண்டிய இடத்தில் 450 போட்டால் நல்ல பேட்டரியும் ஃபெயில்தான். சார்ஜும் நிறைந்திருக்க வேண்டும். கதவு திறந்து, ரூம் லைட் எரிய அரை நாள் ஷெட்டில் கிடந்த வண்டியை அப்படியே சோதித்தால் வேறென்ன வரும்? சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை. பேட்டரி மேல் தெரியும் பச்சைக் கண்ணையும் நம்ப வேண்டாம். பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லில் அது ஒன்றை மட்டுமே பார்க்கிறது.

வீட்டிலேயே சோதிக்க, வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடும் முன் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. குறைந்திருந்தால் 3.5 ஆம்பியரில் முழுக்க சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்து மறுநாள் பாருங்கள். அப்போதும் 12.4-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிதான் போச்சு. கழற்றினால் நிற்கிறது, மாட்டினால் இறங்குகிறது என்றால் வண்டியில் எங்கோ கரண்ட் கசிகிறது. வண்டி அணைந்திருக்கும்போது அந்தக் கசிவு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் வெளியில் மாட்டிய டேஷ்கேம், மியூசிக் சிஸ்டம் வயரிங்கை முதலில் பாருங்கள். சார்ஜ் ஏற்றியும் 10.5 வோல்ட்டிலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது, பேச்சே இல்லை.

செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. விழுந்தால் டெர்மினலில் பூத்த பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, இறுக்கி, மறுபடி பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வராவிட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் அதைச் சுழற்றும் பெல்ட்டையும் சந்தேகியுங்கள். ஸ்மார்ட் ஹைப்ரிட் வண்டிகளில் மட்டும் இது ஏறி இறங்கும்.

இத்தனையிலும் பாஸ் ஆன பேட்டரி என்னுடையது. இருந்தும் ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுவதாகத்தான் முடிவு. வெயிலில் வெந்த பேட்டரி முன்னறிவிப்பில்லாமல் படுத்துவிடும், மழை இரவில் நடுரோட்டில் நிற்க மனமில்லை. ஆனால் சீட்டு நீட்டிய இடத்தில் மாற்றப் போவதில்லை. வெளிக்கடையில் பழையதைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் விலை கழியும். வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பார்த்து, வாரன்டி கார்டில் சீரியல் எண்ணும் கடை முத்திரையும் வாங்காமல் வராதீர்கள்.