ஊர்க் கணக்கு: சென்சஸ் கையேடா, ஊராட்சிப் பதிவேடா?

எங்கள் குக்கிராமத்துக்குத் தார்ச்சாலையும் பஸ்ஸும் கேட்டு மனு எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். மக்கள்தொகை எவ்வளவு என்று எழுதுவது? கையில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு. மற்றொன்று, ஊராட்சி அலுவலகத்தில் குக்கிராமம் வாரியாக இருக்கும் வீட்டு வரிப் பதிவேடு. நான் பதிவேட்டைத்தான் முன்னால் வைத்தேன்.

கையேட்டின் பலம் தெரிந்ததுதான். ஒரே தேதியை வைத்து நாடு முழுவதும் எடுத்த கணக்கு. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும், அதாவது வருவாய்த் துறை வகுத்த, பல குக்கிராமங்கள் அடங்கக்கூடிய எல்லைக்கும், ஆறு இலக்க எண். யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம். பழையதாகிவிட்டது என்பதும் தெரிந்ததே. அடுத்த கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1.

என்னை யோசிக்க வைத்தது அதன் போக்குவரத்துப் பகுதி. பஸ், ரயில் நிலையம், ஆட்டோ, தார்ச்சாலை என்று ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை. இல்லையென்றால் அந்த வசதி 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா, 5 முதல் 10-க்குள்ளா, அதற்கும் அப்பாலா என்று ஓர் எழுத்துக் குறி. எங்கள் வருவாய்க் கிராமத்துக்கு நேரே பஸ் ‘உண்டு’. அது பொய்யில்லை, பஸ் தாய்க்கிராமத்து ரேஷன் கடை வரை வருகிறது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. மாலை பஸ்ஸில் இறங்கும் பிள்ளைகள் மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரையில் நடந்து வீடு சேரும்போது இருட்டிவிடும். அந்த மூன்று கிலோமீட்டர் கையேட்டில் எங்கேயும் இல்லை.

ஆக, எண்ணிக்கையை விட எல்லைதான் முக்கியம். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள், சுமார் 79,000 குக்கிராமங்கள். சராசரியாக ஓர் ஊராட்சிக்குள் ஆறு ஊர்கள். கையேடு வருவாய்க் கிராமத்தோடு நின்றுவிடுகிறது. 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டமோ வருவாய்க் கிராமத்தைப் பார்ப்பதில்லை, குக்கிராமம் போன்ற தனிக் குடியிருப்பைத்தான் பார்க்கிறது. சமவெளியில் 500 பேர் இருக்க வேண்டும். மலை, பாலைவனம், பழங்குடியினர் பகுதிகளில் 250 பேர் போதும். அந்த விதிமுறையிலேயே இன்னொரு வரி இருக்கிறது: 500 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு எங்களிடமிருந்து கூப்பிடு தூரம்தான். பதிவேட்டில் அது தனிப் பெயரில், தனிப் பக்கத்தில் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 500-ஐ எட்டாது, சேர்த்தால் தாண்டிவிடும். இதைக் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவராலும் காட்ட முடியாது.

பதிவேட்டிலும் குறை உண்டு. அது கதவுகளை எண்ணுகிறது, தலைகளை அல்ல. ஒரே கதவு எண்ணில் இரண்டு அடுப்பு எரியும். திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களின் பூட்டிய வீடும் பட்டியலில் இருக்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீடு வீடாகப் போய்த்தான் சரிசெய்தோம். அப்படியும் கையேட்டைத் தூக்கிப் போட முடியாது. அந்தச் சாலைத் திட்டத்தின் 2024-இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்துக்கு 2011 மக்கள்தொகைதான் அடிப்படை என்பதால், கையேட்டில் எங்கள் கிராமம் இருக்கும் பக்கத்தின் நகலையும் மனுவுடன் இணைத்தோம். என் அனுபவம் சமவெளியில் ஒரே ஓர் ஊராட்சியோடு முடிகிறது. மலையூர்க்காரர்களுக்குக் கணக்கே வேறு; அங்கே சேர்த்து எண்ணும் தூரம் பாதை வழியாக 1.5 கிலோமீட்டர்.

ஊராட்சிச் செயலரிடம் போகிறவர்கள் “ஊர் மக்கள்தொகை” என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். குக்கிராமம் வாரிப் பட்டியல் என்று கேளுங்கள். இரண்டு தெருக்களுக்கும் இடையிலான தூரத்தை நாங்கள் நாடா பிடித்து அளந்து, வாய்க்காலையும் பாலத்தையும் குறித்து ஒரு படம் வரைந்து வைத்தோம். மனுவை வாங்கிய அதிகாரி முதலில் விரித்துப் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.